கடைசிப் பாகத்தில் அவர் இறங்கினாரா

அந்த விளையாட்டில் சுடுவது, ஓடுவது, குதிப்பது எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரில் ஒரு கதை நடக்கும். நடுநடுவே கதையை நிறுத்தி, இப்போது என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டு இரண்டு பதில்களைக் காட்டும். நாம் ஒன்றை அமுக்க வேண்டும். மொத்தம் ஐந்து பாகம், இரண்டு மாதத்துக்கு ஒன்றாக வெளியிட்டார்கள். நாம் அமுக்குவதைப் பொறுத்து முடிவு மாறும் என்றார்கள். என்றார்கள், அவ்வளவுதான்.

அதை எனக்குக் காட்டியவர் என் வீட்டுக்காரர். பதினோரு வருடமாகக் குவைத்தில் இருக்கிறார். நான் மகளோடு லெப்பைக்குடிக்காட்டில் இருக்கிறேன். தினமும் பஸ் ஏறிப் பெரம்பலூர் போய், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். சான்றிதழ் விண்ணப்பம், பெயர்த் திருத்தம், ஆன்லைன் படிவம், இவைதான் வேலை. ஒரே ஆளுக்கு மூன்று பிறந்த தேதி இருப்பதை அடிக்கடி பார்க்கிறவளுக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை குறைவாகத்தான் இருக்கும். எனக்கு அது வேலைக்குப் போவதற்கு முன்பே குறைவு.

போன தடவை லீவில் வந்தபோது ஒரு லேப்டாப் கொண்டுவந்தார். விளையாட்டை அவர் பெயரில் வாங்கியிருந்தார். அங்கே அவர் அறையில் ஒரு லேப்டாப், இங்கே ஒன்று. எதில் திறந்தாலும் இரண்டு பேர் ஆட்டமும் தெரியும். மேலே இருப்பது அவர் ஆட்டம், கீழே இருப்பது என் ஆட்டம். அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"நீ என்ன அமுத்துனன்னு எனக்குத் தெரியக்கூடாது, நான் என்ன அமுத்துனேன்னு உனக்குத் தெரியக்கூடாது. அஞ்சு பாகமும் முடிஞ்சப்புறம் ஒண்ணா தொறந்து பாக்கலாம், புள்ள."

"நீங்க தொறக்க மாட்டீங்களா?"

"சத்தியமா மாட்டேன்."

அவர் சத்தியம் செய்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சரி என்றேன்.

அந்த லீவு முடிந்து கிளம்பும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். "அடுத்த தடவ கேன்சல்ல வந்துடுறேன்." கேன்சல் என்றால் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவது. ஒப்பந்தம் முடியப் பத்து மாதம் இருந்தது. அவர் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே. போடாவிட்டால் வந்துவிடுவார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாளை ஓட்டினேன்.

எப்போது வருவீர்கள் என்று கேட்கவும் முடியாது. எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தேதி சொல்லிவிட்டு வருவதில்லை. கண்பட்டுவிடும் என்பார்கள். தேதி தெரிந்தால் தெருவில் ஆளாளுக்கு சாமான் வாங்கிவரச் சொல்வார்கள் என்பதுதான் உண்மையான காரணம் என்று நான் நினைக்கிறேன். பெண்டாட்டிக்கும் சொல்வதில்லை. அதனால் நாங்கள் ஜாடையை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். பிள்ளையின் கால் அளவைக் கேட்டால் வரப்போகிறார். கார்கோவில் பெட்டி அனுப்பினால் இப்போதைக்கு வரமாட்டார். காரணமே இல்லாமல் போனில் கொஞ்சிப் பேசினால் இந்த வருடம் வரவே மாட்டார். மூன்றாவது நானாகக் கண்டுபிடித்தது.

விளையாட்டின் கதையைச் சொல்கிறேன். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அண்ணன் வேலைக்காகத் தூரதேசம் போய்விட்டான். தங்கச்சி தனியாக இருக்கிறாள். நாலு பாகம் வரைக்கும் நாம்தான் அந்தத் தங்கச்சி. அண்ணன் கடிதத்துக்குப் பதில் எழுதலாமா, கிழித்துப் போடலாமா? அவன் சைக்கிளை விற்கலாமா? அவன் அறையை வாடகைக்கு விடலாமா? நான் பதில் எழுதினேன், சைக்கிளை விற்கவில்லை, அறையைப் பூட்டியே வைத்தேன். அறையைத் தினமும் கூட்டித் துடைக்கச் சொல்லியிருந்தால் அதையும் செய்திருப்பேன். அண்ணன் தங்கச்சி கதைதான், ஆனால் எனக்கு அது அண்ணனாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இதை விளையாடுகிறவர்களுக்கு என்று போனில் ஒரு குழு இருந்தது. அதில் நம் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் ஜெயங்கொண்டத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறார். மருந்துக்கடைக்காரர் எதையும் நம்புவார், ஆலைக்காரர் எதையும் நம்பமாட்டார். இரண்டாவது பாகத்தில் கடிதத்தைக் கிழித்தவர்களுக்கும் பதில் எழுதியவர்களுக்கும் மூன்றாவது பாகத்தில் ஒரே மாதிரி கடிதம்தான் வந்தது என்று முதலில் கண்டுபிடித்தவர் ஆலைக்காரர். அன்றைக்கே நான் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

ஐந்தாவது பாகம் ஒரு வியாழக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மகளை மதரஸாவுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். கடைசிப் பத்து நிமிடத்தில் ஆளை மாற்றிவிட்டார்கள். இப்போது நாம் தங்கச்சி இல்லை, அண்ணன். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறோம். ஊர் நெருங்குகிறது. நிறுத்தத்தில் தங்கச்சி நிற்பது கண்ணாடி வழியாகத் தெரிகிறது. இறங்கு, இறங்காதே என்று இரண்டு பதில்கள். யோசிக்கவே இல்லை, இறங்கு என்பதை அமுக்கினேன். பஸ் நின்றது. கதவு திறந்தது. தங்கச்சி தலையை நிமிர்த்தினாள். உடனே திரை இருட்டாகி, விளையாட்டைச் செய்தவர்கள் பெயர் ஓட ஆரம்பித்தது.

அவ்வளவுதான். இறங்கினானா, இறங்கவில்லையா, அவள் என்ன செய்தாள், ஒன்றும் இல்லை.

குழுவில் ஒரே ரகளை. எட்டு மாதம் காக்கவைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆளாளுக்குக் கொதித்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும், ஆறாவது பாகம் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள், பஸ்ஸின் பதிவு எண்ணில் அதற்குத் துப்பு இருக்கிறது என்று படம் போட்டு வட்டம் வரைந்து அனுப்பினார். ஆலைக்காரர் ஒரே வரியில் எழுதினார்: "எல்லாரும் மாத்தி அமுக்கிப் பாருங்க. ரெண்டுக்கும் ஒரே முடிவுதான் வரும். மோசடி கையும் களவுமா மாட்டும்."

எனக்கும் அதே சந்தேகம்தான். கடைசிக் காட்சிக்கு மறுபடி போய், இந்தத் தடவை இறங்காதே என்பதை அமுக்கினேன். அதே கதவு, அதே முகம், அதே இருட்டு. குழுவில் போய், "எனக்கும் அப்படித்தான். பித்தலாட்டம்" என்று எழுதினேன். ஒரு திருட்டைக் கண்டுபிடித்த திருப்தியோடு சமையல்கட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை அவர் பேசியபோது, இன்னும் முடிக்கவில்லை என்றார். புதன்கிழமை கேட்டேன், முடித்துவிட்டேன் என்றார். எப்படி இருந்தது என்றேன். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். ஊரே திட்டுகிற ஒரு முடிவை இவர் நன்றாக இருந்தது என்கிறார். அன்று போனை வைக்கும் முன்னால், காரணமே இல்லாமல், "ஒன்ன நெனச்சுக்கிட்டே இருக்கேன் புள்ள" என்றார். நான் கண்டுபிடித்த அந்த மூன்றாவது ஜாடை.

மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் லேப்டாப்பைத் திறந்து அவருடைய ஆட்டத்துக்குள் போனேன். செய்தது தப்புதான், மறைக்கவில்லை. நாலு பாகத்திலும் அவர் அமுக்கியது என்னைப் போலவே இருந்தது. கடிதத்துக்குப் பதில், விற்காத சைக்கிள், பூட்டிய அறை. ஐந்தாவதில் மட்டும் இறங்காதே.

ஒரு விளையாட்டு, இதை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே அவரைப் பற்றி என்னவெல்லாம் நினைக்க முடியுமோ அத்தனையும் நினைத்தேன். அங்கே வேறு யாரோ இருக்கிறாள் என்று நினைத்தேன். என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு அவர் கூப்பிடுவார். இங்கே மூன்றரை மணி இருக்கும். சென்டரில் தண்ணீர் கேன் வைத்திருக்கும் மூலைக்குப் போய் நின்று நேராகக் கேட்டேன்.

"ஏன் இறங்கல?"

அவர் எதை என்று கேட்கவில்லை. "தொறந்துட்டியா?" என்றார்.

"தொறந்துட்டேன். ஏன் இறங்கல?"

"நீதான வேணாம்னு அமுத்திருந்த."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அவரும் என் ஆட்டத்தைத் திறந்திருக்கிறார். திங்கட்கிழமையே திறந்துவிட்டாராம். அதில் என் கடைசிப் பதிலாக இறங்காதே என்று இருந்திருக்கிறது.

"நான் வர்றது ஒனக்கு இஷ்டமில்லன்னு நெனச்சேன். அதுக்கப்புறந்தான் அக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போட்டேன். ரெண்டு வருஷம். போட்டுட்டு, இறங்குறேன்னு பொய்யா அமுத்த மனசு வரல."

"மச்சான், மொதல்ல இறங்குன்னுதான் அமுத்துனேன். ஏமாத்துறாங்களான்னு பாக்கத்தான் ரெண்டாவது தடவ மாத்தி அமுத்துனேன்."

"சரி."

"நெசமாத்தாங்க."

"சரின்னுதான சொல்றேன்."

நம்பாதவர்கள் சொல்கிற சரி எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் அமுக்கியதற்கு அத்தாட்சி எங்காவது இருக்குமா என்று குழுவில் கேட்டேன். "மேல மேல பதிஞ்சுக்கும். பழசு போனா போனதுதான்" என்றார் ஆலைக்காரர். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு கம்பெனியின் பித்தலாட்டத்தைக் கண்டுபிடிக்கப் போய் என் குடும்பத்தில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன் என்று அழுதேன். இரண்டு வருடம் போனது என் சந்தேகப் புத்தியால்தான் என்று மகள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மூன்றாம் நாள் அந்தப் புத்தியே மறுபடி விழித்துக்கொண்டது. கையெழுத்துப் போட்ட அக்ரிமெண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மகள் பள்ளிக்கூட விண்ணப்பத்துக்கு வேண்டும் என்று பொய் சொன்னேன். மத்தியானமே அனுப்பிவிட்டார். மேலே அரபி, கீழே ஆங்கிலம், ஓரத்தில் அவர் கையெழுத்து, அதன் பக்கத்தில் தேதி. ஐந்தாவது பாகம் வெளிவருவதற்கு மூன்று வாரம் முந்திய தேதி அது.

பெரிதாக்கிப் பார்த்தேன். தேதி மாறவில்லை. என் ஆட்டத்தை அவர் திறந்து பார்ப்பதற்கு வெகுநாள் முன்னாலேயே எல்லாம் முடிந்திருக்கிறது. நான் எதை அமுக்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். முதலில் வந்தது கோபம்கூட இல்லை, தப்பித்தோம் என்கிற நிம்மதிதான். அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கோபம் அதற்கப்புறம் வந்தது, நன்றாகவே வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் கூப்பிடும் வரை காத்திருந்தேன். சலாம்கூடச் சொல்லவில்லை.

"நீங்க கையெழுத்துப் போட்ட அன்னிக்கு கடைசிப் பாகமே வரல, மச்சான்."

அவருக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"எம்மேல ஏன் பழி போட்டீங்க?"

"ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம மூணு வாரமா முழிச்சுக்கிட்டு இருந்தேன். நீ இறங்க வேணாம்னு அமுத்தினதப் பாத்ததும், சொல்றதுக்கு ஒண்ணு கெடச்சிடுச்சுன்னு இருந்துச்சு. தப்புதான்."

"அங்க யாராச்சும் இருக்காங்களா?"

"அல்லா மேல ஆணையா யாரும் இல்ல."

"அப்ப வேலை புடிச்சிருக்கா?"

"இந்த வெயில்ல யாருக்குப் புள்ள வேலை புடிக்கும்?"

"பின்ன என்னதாங்க?"

அவர் தொண்டையைக் கனைத்தார். பாத்திரச் சத்தம் நிற்கும் வரை பொறுத்திருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பயமா இருக்கு. அங்க வந்தா எனக்கு லீவுல வந்தவனா இருக்கத்தான் தெரியும். நாப்பத்தஞ்சு நாளைக்கு மேல உங்ககூட எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியாது."

அந்த வருடம் அவர் சொன்ன எதையும் நான் சோதித்துப் பார்க்காமல் விட்டதில்லை. இதைச் சோதிக்க எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். ஒவ்வொரு லீவும் நாற்பத்தைந்து நாள். நாற்பத்தாறாம் நாள் என்று ஒன்று எங்களுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. வந்தால் அவர் காலையில் எழுந்து எங்கே போவார், நான் அவரிடம் எதைப் பற்றிச் சண்டை போடுவேன், மாலையில் இரண்டு பேரும் என்ன பேசுவோம் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சென்டரில் வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் அழுகையை அடக்க முடியவில்லை.

"எனக்கும்தான் தெரியாது, மச்சான்" என்றேன்.