அத்தையின் முகத்தில் கட்டங்கள்

ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் வடசேரியில் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போனேன். அங்கே படித்ததில் எனக்குப் பிடித்த வித்தை ஒன்றுதான். டிவி செய்தியில் போலீஸில் பிடிபட்டவர்கள் முகத்தை மறைத்துக் கட்டங்கள் வருமே, அதைப் போடுவது. எங்கள் பூனையைக்கூடக் குற்றவாளி ஆக்கியிருந்தேன்.

அந்த வருஷம் தாத்தாவின் முதல் திதி வந்தது. தாத்தாவின் கடைசிப் படம், கல்ஃபிலிருந்து வந்த மாமா வட்டக்கோட்டையில் வைத்து எடுத்தது. அதை எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கேமராவைக் காலியாக்கிக்கொண்டு அவர் திரும்பிப் போய்விட்டார். அதைப் பெரிதாக்கி ஹாலில் மாட்ட வேண்டும் என்றார் அப்பா. சிக்கல், தாத்தாவுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்ற அத்தை. அப்பாவுக்கு ஒரே தங்கை. படம் எடுத்த மறுமாதம் வீட்டுக்குப் பிடிக்காத ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவள். அவள் பேச்சையே எடுக்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். படத்திலிருந்து வெட்டவும் முடியாது, தாத்தாவின் கை அவள் தோளில் இருந்தது. சுசீந்திரத்து ஸ்டுடியோவில் சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

“மக்கா, அவ மூஞ்சி மட்டும் தெரியப்பிடாது. ஒனக்குச் செய்யத் தெரியுமா?”

எனக்குத் தினமும் ரெட்டைச் சடை பின்னிவிட்டவள் அத்தைதான். அவளை நினைத்து ரகசியமாக அழுதிருக்கிறேன். ஆனாலும் அப்பா என்னை நம்பி ஒரு வேலை தந்தது அதுதான் முதல் தடவை, எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் பொடிக் கட்டங்களாகப் போட்டேன். “இன்னும் தெரியுதே. பெருசாக்கு,” என்றார். மூக்கு போயிற்று, பிறகு சிரிப்பும் போயிற்று. அப்பா திருப்தியாக எழுந்து போனார். நான் தற்செயலாக எட்டப் போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். கட்டங்கள் கலந்து அத்தை மறுபடி சிரித்தாள். சொன்னால் இன்னும் பெரிதாக்கச் சொல்வார் என்று வாயை மூடிக்கொண்டு சேவ் பண்ணிவிட்டேன். அதை அப்பா வடசேரியில் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டினார்.

திதிக்கு வந்த யாரும் படத்தில் தாத்தாவைப் பார்க்கவில்லை. “ஏட்டி, இது ஆரு? போலீஸு புடிச்சிட்டுப் போன ஆளா?” என்று என்னிடம் கேட்டாள் ஒரு சித்தி. அப்பா பாயாசம் எடுக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், அப்பா அடுக்களை வாசலில் நின்று எட்ட இருந்த படத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலையின் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

“அப்பா, இன்னும் பெருசாக்கித் தாறேன்.”

“வேண்டாம் மக்கா, கெடக்கட்டு.” படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். “அந்தப் பழைய படம் கம்ப்யூட்டர்ல கெடக்கா?”

“இல்லப்பா. அதுக்கு மேலயே சேவ் பண்ணியாச்சு. அத்த இனி எங்கயும் கெடையாது,” என்றேன் அவசரமாக.

அப்பா இன்னும் ஓரடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். திட்டு விழவில்லையே என்று நான் நிம்மதியாக விளையாடப் போனேன்.