நாலில் ஒன்று

கணக்கு டீச்சர் என்றால்தான் பள்ளியிலும் தெருவிலும் அவளைத் தெரியும். நிகழ்தகவுப் பாடம் நடத்தும்போது வகுப்பு கொட்டாவியை மறந்துவிடும். "எதிர்பார்ப்பு மதிப்புங்கிற பேரைப் பாத்து ஏமாறாதீங்க. பகடையைப் பல தடவை உருட்டிச் சராசரி பாத்தா அது மூணரை. மூணரை விழுந்து யாராவது பாத்திருக்கீங்களா?" என்பாள்.

ஐந்து பேர் பிறந்த வீட்டில் அவள் நான்காவது. கடைக்குட்டித் தம்பி, லாரிப் பட்டறையில் வெல்டர். கல்யாணம் வேண்டாமென்று பெரியக்கா வீட்டிலேயே இருந்துவிட்டவன். அவனுக்கு ரத்தத்தில் நோய் கண்டது. எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்கலாம், கூடப்பிறந்தவர்களில் ஒவ்வொருவருக்கும் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார் மருத்துவர்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பெரியக்கா முடிவு கட்டிவிட்டாள். அம்மா கண்மூடிய பிறகு தம்பியை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள் அவள்.

"நாம நாலு பேர் இருக்கோம். நாலுல ஒண்ணுன்னா ஒருத்தருக்குக் கண்டிப்பா பொருந்தும். நீயே சொல்லேன்டி, கணக்கு டீச்சர்தானே!"

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். அண்ணன்மார் இருவரும் அவள் வாயையே பார்த்தார்கள். எல்லோரும் அதை நம்பிச் சும்மா இருந்துவிட்டால் என்ன ஆவது?

"அப்படி இல்லக்கா. நாலு பேருக்குமே பொருந்தாமப் போகவும் வாய்ப்பிருக்கு. மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. வெளியாள் யாராவது கிடைப்பாங்களான்னு இப்பவே பதிஞ்சு வெச்சிடலாம்."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

நால்வரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை. வெளியாளும் அமையவில்லை. 'கரிநாக்கு' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள் பெரியக்கா. அதோடு தங்கையிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி கூப்பிட்டனுப்பினான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் பெரியக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்; நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"சின்னக்கா, அந்தக் கணக்கை எனக்குச் சொல்லு. கணக்குல முட்டை வாங்கினவன்தான், இருந்தாலும் சொல்லு."

செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள். ஒருவருக்குப் பொருந்தாமல் போக நாலில் மூன்று. நாலு பேருக்கும் அதையே பெருக்கினால் இருநூற்று ஐம்பத்தாறில் எண்பத்தொன்று.

"என்னை மாதிரி நூறு பேருக்கு, ஆளுக்கு நாலு கூடப்பிறப்பு இருந்தா?"

"சராசரி பாத்தா ஆளுக்கு ஒருத்தர் பொருந்துவாங்க. ஆனா சிலருக்கு ரெண்டு பேர் பொருந்தும். சுமார் முப்பத்திரண்டு பேருக்கு ஒருத்தர்கூடப் பொருந்தாது."

அவன் பெரியக்கா பக்கம் கண்ணைக் காட்டினான்.

"அந்த முப்பத்திரண்டு பேரோட அக்காங்க எல்லாம் பாசத்துல குறைஞ்சவங்களா? இவ தினம் என் தலைமாட்டுல உக்காந்து, என் ரத்தமே உனக்கு ஆகலையேடான்னு அழறா. கேட்டுக்கோ பெரியக்கா. இது யார் தப்பும் இல்ல."

பெரியக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. டீச்சர் ஆரஞ்சை வாங்கி, கொட்டை எடுத்து, ஒவ்வொரு சுளையாகத் தம்பிக்கு ஊட்டினாள்.

மழைக்காலம் முடியுமுன் அவன் போய்விட்டான்.

காரியங்கள் முடிந்தபின் அக்காவும் தங்கையும் அவன் துணிகளைத் துவைத்தார்கள். தீப்பொறி பட்டுப் பொத்தலான சட்டைகள். கொடியில் ஒன்றை உதறிப் போட்டபடி பெரியக்கா சொன்னாள்: "அன்னைக்கு நீ ஆமான்னு சொல்லியிருந்தா நான் அப்படியே நம்பி, வெளியாளைத் தேடாமலே இருந்திருப்பேன்டி."

"தெரியும்க்கா."

டீச்சர் அழுக்குத்தண்ணீர் வாளியைத் தூக்கப் போனாள். வாளியின் இன்னொரு பக்கத்தைப் பெரியக்கா பிடித்துக்கொண்டாள். இருவருமாகத் தூக்கிப்போய்த் தண்ணீரைக் கொட்டினார்கள்.