சிவப்பு வண்டியில் ஊசி இல்லை

தொண்ணூறுகளின் நடுவில் டெக்சாஸில், ரிச்சர்ட்சனுக்குக் குடிபோன புதிதில், என் கணவர் யாரைப் பார்த்தாலும் "என் வைஃப் டாக்டர்" என்பார். சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்தவள், இங்கே பரீட்சை எழுதிவிட்டு ரெசிடென்சி என்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குக் காத்திருக்கிறவள் என்ற மீதியை விழுங்கிவிடுவார். பார்ட்டிகளில் ஆன்ட்டிகள் சமோசாத் தட்டோடு வந்து நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சனிக்கிழமை காலை, எங்களோடு தங்க வந்திருந்த அப்பா பேக்யார்டில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கூரை இடுக்கிலிருந்து கிளம்பிய குளவி கழுத்தில் கொட்டிவிட்டது. உள்ளே வந்து சோபாவில் சாய்ந்தவர், "தொண்டைய என்னமோ பண்ணுதும்மா" என்றார். குரல் அப்போதே மாறியிருந்தது. உதடு தடித்துக்கொண்டு வந்தது. கணவர் 911க்குப் போன் செய்தார். அப்போதும் என் மனைவி டாக்டர் என்று சேர்த்துக்கொண்டார்.

முதலில் வந்தது தீயணைப்பு வண்டி; அங்கே முதலுதவிக்கும் அவர்கள்தான் ஓடிவருவார்கள். அவ்வளவு பெரிய வண்டியைப் பார்த்ததும் பிழைத்தோம் என்று நினைத்தேன். பூட்ஸ் காலோடு ஓடிவந்தவர்கள் அப்பாவுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். அலர்ஜியை அடக்கும் அட்ரினலின் ஊசி போடுங்கள் என்றேன். தங்கள் வண்டியில் ஊசி மருந்தே கிடையாது என்றார் அவர்களுடைய கேப்டன். அவர்களுக்கு லைசென்ஸ் முதலுதவிக்கு மட்டும்தானாம். ஊசி போடவும் ஆளை ஏற்றிக்கொண்டு போகவும் அனுமதி இல்லை. ஆம்புலன்ஸ் பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டும்.

"நீங்கள் டாக்டர்தானே? இந்த மாநிலத்து லைசென்ஸ் இருந்தால் நீங்களே பொறுப்பெடுத்துச் செய்யலாம்" என்றார்.

கணவர் அவசரமாகத் தலையாட்டினார். எனக்கு லைசென்ஸ் இல்லை என்றேன். அப்படியானால் தள்ளி நில்லுங்கள் என்று கேப்டன் கையைக் காட்டினார்.

ஊரிலிருந்து வருகிற நம்மவர் பெட்டியில் பாதி மருந்துக் கடைதானே. முன்பொரு முறை தேனீ கொட்டி முகம் வீங்கியதிலிருந்து, அப்பாவின் பெட்டியில் அட்ரினலினும் சிரிஞ்சும் இருக்கும். ஓடிப்போய் எடுத்துவந்தேன். லைசென்ஸ் இல்லாமல் போட்டால் அது குற்றம், பார்த்ததைத் தன் ரிப்போர்ட்டில் எழுதவேண்டி வரும் என்றார் கேப்டன். கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். அப்பாவின் மூச்சு விசிலடித்தது. பிறகு அந்தச் சத்தமும் குறைந்தது. சத்தம் குறைவது நல்லதல்ல என்று எனக்கும் கேப்டனுக்கும் தெரியும்.

"எழுதிக்கோங்க!" என்று தமிழிலேயே கத்திவிட்டு, அப்பாவின் வேட்டியை விலக்கித் தொடையில் குத்தினேன். கேப்டன் என் கையைத் தடுக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தபோது அப்பா கண்ணைத் திறந்திருந்தார். மூச்சு இன்னும் சீராகவில்லை. அதில் வந்த பாராமெடிக் தன் ஊசியில் அட்ரினலினை ஏற்றிக்கொண்டே, இதற்கு முன்னால் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். கேப்டன் கார்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் என் மணிக்கட்டை அழுத்தினார்.

"பேசாம இரு. ரிப்போர்ட் பண்ணிட்டான்னா ரெசிடென்சி, கிரீன் கார்டு எல்லாம் போயிடும்."

அப்பாவுக்கு ஏற்கெனவே இதயத்தில் அடைப்பு. கையோடு இன்னொரு டோஸ் ஏறினால் அந்த இதயம் தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் அட்ரினலின் போட்டேன். எனக்கு லைசென்ஸ் இல்லை."

பாராமெடிக் ஊசியைக் கீழே வைத்தார். பேனாவை எடுத்து என் பெயரைக் கேட்டார்.