ஏழுமலையின் முதல் முடிச்சு

போன வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் கடைக்காரர் ஒரு மசாஜ் மெஷினைக் கையில் மாட்டி என் தோளில் வைத்தார். அது 'கிர்ர்' என்றதுதான் தாமதம், போர்த்திய துணியோடு எழுந்து நின்றுவிட்டேன். "சொகமா இருக்கும் சார், உக்காருங்க" என்றார். அவருக்கு எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

இருபத்துச் சொச்சம் வயதில் மாமல்லபுரத்தில் ஒரு சிலைப் பட்டறையில் கல்லைத் தேய்க்கும் கிரைண்டர் பிடித்தேன். காலையில் எடுத்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் கீழே வைப்பது. மெஷின் நின்ற பிறகும் கைக்குள் அதன் அதிர்வு ஓடிக்கொண்டிருக்கும். பனிக்காலத்தில் விரல் நுனிகள் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து மரத்துவிடும். அதை வீரம் என்று நினைத்தேன். கொதிக்கிற டீ கிளாஸை அழுத்திப் பிடித்து எல்லோருக்கும் காட்டுவேன். எவ்வளவு பெரிய முட்டாள் பாருங்கள்.

பக்கத்து மெஷினில் ஏழுமலை. அவனுக்கு என்னைவிட மோசம். பொத்தான் போட முடியாமல் டி-ஷர்ட்டுக்கு மாறியிருந்தான். தை மாதம் அச்சரப்பாக்கத்தில் அவனுக்குக் கல்யாணம். அதிகாலை முகூர்த்தம், நல்ல பனி. கெட்டிமேளம் முழங்குகிறது, தாலிக்கயிறு அவன் விரல்களில் நிற்காமல் நழுவுகிறது. பத்து விரலும் வெள்ளை. தோழனாக நின்ற என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். என் விரல்களும் அதே லட்சணத்தில் இருந்ததால் அவற்றைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"மாப்ள குடிச்சிகினு வந்துட்டானா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள்.

மணப்பெண் கலைவாணி தலையைத் தூக்கினாள். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்ப்பவள். அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னா மெஷின் புடிக்கிற?"

"கிரைண்டரு."

"எத்தினி நேரம்?"

"நாள் பூரா."

"மோளத்த நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஹோமத்தீயின் பக்கம் இழுத்து அவன் கைகளைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். அவ்வளவு நீளமான கெட்டிமேளத்தை நான் கேட்டதே இல்லை. நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் விரல்களில் ரத்தம் ஏறியது, முடிச்சு விழுந்தது. மண்டபமே சிரித்தது. ஏழுமலை மட்டும் அழுதான்.

இரண்டு வாரம் கழித்துக் கலைவாணி பட்டறைக்கே வந்துவிட்டாள். நாள் பூரா ஒரே ஆளிடம் மெஷினைக் கொடுக்கக் கூடாது என்றாள்.

"வேல கெட்டுடும்மா" என்றார் முதலாளி.

"கை கெட்டுப்போச்சின்னா அப்பால வேல எங்க கீது?" என்றாள்.

முதலாளி தலையாட்டினார். அன்றிலிருந்து கொஞ்ச நேரம் மெஷின், கொஞ்ச நேரம் உளி என்று மாற்றி மாற்றிச் செய்தோம். கிரைண்டரில் தேய்ந்த தட்டை உடனே தூக்கிப் போட்டோம். மெஷினை உடும்பு மாதிரி இறுக்காமல் தளர்த்திப் பிடிக்கப் பழகினோம். பனிக்காலத்தில் கையுறை, இடைவேளைக்கு ஒரு அண்டா வெந்நீர். சில மாதம் போனதும் ஏழுமலை சட்டை போட்டு வந்து, ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி மாட்டிக் காட்டினான். கைதட்டினோம். எனக்கு வலது சுண்டுவிரல் நுனி மட்டும் இன்றுவரை மரத்தே இருக்கிறது.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஹோட்டலுக்கு வரும் கார்கள் நிற்கின்றன. அதிர்வு குறைந்த மெஷின்கள் வந்துவிட்டனவாம், நல்லது, வரட்டும். ஆனால் அப்போது இடைவேளையில் பட்டறையாட்கள் எட்டுப் பேர் அண்டாவைச் சுற்றிக் குந்தி, எந்தக் கை யாருடையது என்று தெரியாமல் வெந்நீருக்குள் விரல்களைக் கிள்ளுவோம். எவனாவது கத்தினால், "கத்திட்டான்டா, உசுரு வந்துச்சி" என்று கூத்தடிப்போம். அந்தச் சத்தம்தான் இப்போது எங்கேயும் இல்லை.