தாரும் சுண்ணாம்பும் ஒரு வட்டமும்

ஆற்றங்கரை ஊரான கோத்தா திங்கியில் படகு வரும்வரை முடிவெட்டிக்கொள்ள ஒரு கடையில் உட்காருகிறேன். போன வெள்ளம் கறையாக்கிய கடைச் சுவருக்குக் கடைக்காரர் முத்தையா இடுப்பு உயரம்வரை தார் பூசியிருக்கிறார். அதற்கு மேலே வெறும் சுண்ணாம்பு வெள்ளை. வலது ஓரத்தில் மட்டும் தட்டளவில் ஒரு கறுப்பு வட்டம். என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. கீழே கிடக்கும் அத்தனை கறுப்பையும் அந்தச் சின்ன வட்டம் தனியாகத் தூக்கிப் பிடிக்கிறது.

"நடுவுல போடலியா?" என்கிறேன்.

"போட்டுப் பாத்தேங்க ஐயா. சுவரு தூங்கிருச்சு. ஓரமாத் தள்ளினதும் முழிச்சுக்கிச்சு."

"அடுத்த வெள்ளம் இன்னும் மேல ஏறுச்சுன்னா?"

"தாரும் மேல ஏறும். வட்டத்தைத் தாண்டிருச்சுன்னா, அதை மட்டும் வெள்ளையா விட்டுருவேன்."

அதையும் மனதில் வரைந்து பார்க்கிறேன்; அழகாகத்தான் இருக்கிறது. துண்டை உதறிவிட்டு எழுந்து நிற்கிறேன். வட்டம் என் தலைக்கு மேலே இருக்கிறது.