மெஷின் சொன்ன வார்த்தை

மலேசியாவில் கூலிம் பட்டணத்து வீடியோ கேம் கடைக்குப் புதிதாக வந்த மெஷின், விளையாட்டில் சுடும்போதெல்லாம் ஆங்கிலத்தில் ‘கில்லிங்’ என்று கரகரக்கும். அங்கே விளையாட வரும் மற்ற இனப் பையன்கள் காதில் அது ‘கெலிங்’ என்று விழுந்தது. தமிழர்களான எங்களைக் கேவலமாகக் கூப்பிடும் வார்த்தை அது. எங்கள் எஸ்டேட்டிலிருந்து அண்ணன் விளையாடப் போனால், வேண்டுமென்றே சுட்டுவிட்டு அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

“அந்த மெஷினை எடுத்துருங்க, தவுக்கே,” என்று சீன முதலாளியிடம் கேட்டான்.

“அது இங்கிலீஷ் லா. உனக்குத்தான் காது கோளாறு,” என்றார் அவர்.

வேறு ஊர்க் கடைகளில் அந்த வார்த்தையால் அடிதடி நடந்ததும், கடைகளுக்கு அவற்றை வாடகைக்கு விட்டவர்களே அந்த ரக மெஷின்களை எல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் சந்தோஷமாக என்னையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மெஷின் போனதற்கு அவன்தான் காரணம் என்று பையன்கள் பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே வந்து, அந்த வார்த்தையை வாயாலேயே கத்தினார்கள். பஸ்ஸில் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.