பிரான்சிலிருந்து வந்த விசைப்பலகை

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் கணினி, யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இயங்குதளத்தில் ஓடுவது. நான் வேலை பார்த்த பஞ்சாலை மூடப்பட்ட பிறகு கிடைத்த ஓய்வில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையேடுகளைப் படித்து, நானே நிறுவிக்கொண்டது. இதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு.

அதன் வட்டில் என் மனைவியின் ஆலை வாழ்க்கை இருந்தது. நூல் சுற்றும் பகுதியில் அவள் வேலை பார்த்த காலத்தை அவள் சொல்லச் சொல்ல நான் தட்டெழுதி வந்தேன். அவளுக்கு எழுதத் தெரியும். உட்கார்ந்து எழுதப் பொறுமை கிடையாது. அது நிறைவடைந்ததும், அக்காலத்தில் உடன் வேலை செய்த பெண்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துவிட்டாள். நான் வாசிக்க, அவர்கள் கேட்பது என்று ஏற்பாடு. அந்த வட்டைக் கடவுச்சொல் இட்டுப் பூட்டி வைத்திருந்தேன். பென் டிரைவில் ஒரு நகலும் உண்டு; ஆனால் அதையும் இந்தக் கணினியைத் திறந்துதான் திறக்க முடியும்.

சனிக்கிழமை காலை என் பழைய விசைப்பலகையில் பாதி எழுத்துகள் விழவில்லை. கடல் காற்று எங்கள் ஊரில் எந்த இரும்பையும் நெடுநாள் விட்டுவைப்பதில்லை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் ஊரில் பலரைப் போல எதிர்வீட்டுக்காரரும் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்டுதோறும் பிரான்சில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வருவார். வந்ததும் தெருவில் வேண்டியவர்களுக்கெல்லாம் சோப்பு, சென்ட், சாக்லேட் என்று ஏதேனும் ஒன்றைக் கையில் திணிப்பார். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த பயணம் வரை பேச்சு இராது. என் குறையைக் கேட்டவர் வீட்டுக்குள் போய், யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றைப் பெட்டியோடு எடுத்து வந்தார்.

"மாப்ள ஆபீசுல குடுத்தது முசே. பிரிக்கவே இல்ல. இதுக்குப் போயி கடையில காசு குடுப்பீங்களா?"

'முசே' என்பது அவர் வாயில் 'ஐயா'. வாங்கிக்கொண்டேன். இணைத்ததும் அதன் விளக்கு எரிந்தது. ஆனால் எந்த விசையை அழுத்தினாலும் கணினி அசையவில்லை. இதற்குக் காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. இயங்குதளம் முழுமையாக எழும்புவதற்கு முன் யூஎஸ்பி விசைப்பலகையை அடையாளம் காண, கணினியின் ஆரம்ப அமைப்புத் திரையில் ஓர் அனுமதி தரவேண்டும். என் பழைய இயந்திரத்தில் அது அணைந்திருந்தது. பழைய விசைப்பலகையில் அம்புக்குறிகளும் உள்ளிடும் விசையும் மட்டும் உயிரோடு இருந்தன; அந்த வேலைக்கு அவையே போதும். அதைக் கொண்டு அனுமதியை மாற்றி, புதியதைச் செருகினேன். இப்போது விசைகள் பேசின. என் மனைவியைக் கூப்பிட்டு, "பார்த்தாயா?" என்றுகூடக் கேட்டேன்.

அந்தப் பெருமை கடவுச்சொல் கேட்கும் திரை வரையில்தான் நீடித்தது. புதிய பலகை என்பதால் ஒவ்வோர் எழுத்தையும் தேடிப் பார்த்து, நிதானமாக அழுத்தினேன். திரையில் எழுத்துகளுக்குப் பதில் புள்ளிகள் விழுந்தன. தவறு என்றது. இன்னும் நிதானமாக அழுத்தினேன். மீண்டும் தவறு என்றது. கடவுச்சொல் எனக்கு மறக்கவில்லை. விசைப்பலகையும் வேலை செய்கிறது. ஆகவே பழுது வட்டில்தான் என்ற முடிவுக்கு வந்தேன். வட்டின் பூட்டு சிதைந்துவிட்டால் உள்ளே இருப்பதை எவராலும் மீட்க முடியாது என்று நான் படித்திருந்தேன்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, பேச்சையே காணோம்? திறந்துச்சா இல்லியா?"

"சற்றுப் பொறு."

"நாளைக்கு எல்லாம் வந்துடுவாளுங்க. மூலக்குளத்துக்காரி பேத்திய வேற கூட்டிக்கிட்டு வராளாம். நீங்க எதைப் படிச்சிக் காட்டுவீங்க, இந்தப் பொட்டியவா?"

வட்டின் நிலையை அறியக் கடவுச்சொல்லுக்கு முந்தைய கட்டளைத் திரைக்குப் போனேன். அங்கு நாம் அடிப்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு கட்டளையை அடித்தேன். அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது. திரையை உற்றுப் பார்த்தேன். நான் ஆங்கில ஏ எழுத்தை அழுத்திய இடத்தில் கியூ நின்றது. எம் அழுத்தினேன், அரைப்புள்ளி விழுந்தது.

நாற்காலியில் சாய்ந்தேன். அது பிரெஞ்சுக்காரர்களின் எழுத்து வரிசையில் அமைந்த பலகை. என் கணினியோ, எந்தப் பலகையைச் செருகினாலும், நாம் வேறு வரிசையைக் குறிப்பிடும் வரை அமெரிக்க வரிசை என்றே எடுத்துக்கொள்ளும். விசையின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எந்த இடத்து விசை அழுந்தியது என்பது மட்டுமே தெரியும். வட்டுக்கு ஒன்றும் நேரவில்லை. நெஞ்சில் இருந்த பாரத்தில் பாதி அப்போதே இறங்கியது.

மீதிப் பாதி இறங்கச் சற்று நேரம் பிடித்தது. எந்த எழுத்துக்கு எதை அழுத்துவது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எழுத்துகள் பிடிபட்டன, என் கடவுச்சொல்லில் இருந்த எண்களும் குறிகளும் பிடிபடவில்லை. அந்தப் பலகையில் எண்கள் மேல்பாதியிலும் குறிகள் கீழ்ப்பாதியிலும் அச்சாகியிருந்தன; எதற்கு ஷிஃப்ட் விசையைச் சேர்த்து அழுத்துவது என்று குழம்பினேன். மறுபடியும் தவறு என்றது.

எதிர்வீட்டுக்காரர் நலம் விசாரிக்க உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பலகை மேல குத்தம் சொல்லாதீங்க முசே. அங்க எல்லாரும் இதுலதான் அடிக்கிறாங்க."

"குற்றம் சொல்லவில்லை. என் கணினிக்குத்தான் பிரெஞ்சு தெரியவில்லை."

"அப்ப அதுக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுத்துட வேண்டியதுதான்!" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

காபி டம்ளர்களோடு வந்த மனைவி என் தாளைப் பார்த்தாள்.

"இன்னா, கணக்கு போடுறீங்க? தினம் காலையில என்னைப் பாத்து 'காபி எங்க'ன்னு கேட்டுக்கிட்டேதான அதை அடிப்பீங்க. ஒரு நாளாவது குனிஞ்சி பாத்திருக்கீங்களா? இன்னிக்கு மட்டும் இன்னா புதுசா தடவித் தடவிப் பாக்குறது?"

அவள் கேலியாகத்தான் சொன்னாள். நான் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். கண்களை மூடிக்கொண்டேன். விரல்களைப் பழைய பலகையில் வைக்கும் இடத்திலேயே வைத்து, எதையும் எண்ணாமல், நாள்தோறும் அடிப்பது போலவே கடகடவென்று அடித்து முடித்தேன்.

"ஓடுது, ஓடுது!" என்றார் எதிர்வீட்டுக்காரர். கண்ணைத் திறந்தபோது திரையில் வரிகள் மேலேறிக்கொண்டிருந்தன. நான் காலையில் காட்டிய நிதானம் அத்தனையும்தான் கதவை அடைத்து வைத்திருந்தது. வழக்கமான அலட்சியத்தோடு அடித்திருந்தால் முதல் தடவையிலேயே திறந்திருக்கும். இதை எண்ணி நாணுவதற்குக்கூட எனக்கு நேரமில்லை, அவ்வளவு நிம்மதி. முதல் வேலையாக அவளது கோப்பைப் பூட்டில்லாத இன்னொரு பென் டிரைவில் நகலெடுத்து, அவள் கையிலேயே கொடுத்தேன். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எதிர்வீட்டுக்காரர் போன பின், நாளைக்கு ஒத்திகையாகச் சிறிது வாசிக்கச் சொன்னாள். முதல் நாள் ஆலைக்குள் நுழைந்ததும் இயந்திரங்களின் இரைச்சலில் மிரண்டு அழுதுவிட்ட இடத்தை வாசித்தேன்.

"அழுதேன்னு போடாதீங்க. நாளைக்கு அவளுங்க சிரிப்பாளுங்க. பஞ்சு மூக்குல ஏறி தும்மினேன்னு போடுங்க."

வேறொரு நாளாயிருந்தால், நடந்ததை நடந்தபடி எழுதுவதே முறை என்று அவளிடம் நெடுநேரம் வாதிட்டிருப்பேன். அன்று மறுபேச்சின்றி அந்தச் சொல்லை அழித்துவிட்டு, அவள் சொன்னபடியே அடித்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க, இருங்க. அழுததும் இருக்கட்டும். அன்னிக்கு அவளுங்களும் அழுதாளுங்க. தும்மலைப் பின்னாடி சேத்துக்குங்க."

சேர்த்தேன்.